புரட்டாசியில் பூத்த கொன்றை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நீலகிரியில் முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். காடு என்றால் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மாசி, பங்குனியில் இங்கே மரமெல்லாம் மொட்டையாக நின்றதைப் பார்த்து மனசே விட்டுப்போயிற்று. பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. இன்னொன்று. சித்திரையில் பூத்துக் கொட்டிய பள்ளிக்கூடத்துக் கொன்றை, புரட்டாசியில் மறுபடி நாலைந்து கொத்து பூத்தது. சத்துணவு அம்மா "காலம் கெட்டுப்போச்சு டீச்சர்" என்கிறார். இது பருவநிலை மாற்றம்தானா? இதையெல்லாம் பிள்ளைகளோடு கவனிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

கொன்றையிலிருந்தே தொடங்குவோம். ஒரு மரம் ஒரு வருடம் புரட்டாசியில் பூத்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, கெடவில்லை என்றும் சொல்ல முடியாது. கொன்றைக்குக் கோடைதான் முக்கியமான பூக்காலம். ஆனால் மழைக்குப் பிறகு சில மரங்கள் இரண்டாம் தடவை கொஞ்சமாகப் பூப்பதும் உண்டு. குறுந்தொகையில் இதற்கு ஒரு பாட்டே இருக்கிறது. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது என்கிறாள். அவளுக்கும் உங்கள் சத்துணவு அம்மாவுக்கும் ஒரே சந்தேகம்தான். மரம் முந்திக்கொண்டதா, மழை முந்திக்கொண்டதா?

அதற்குப் பதில் சொல்ல ஒரு நோட்டு வேண்டும். அந்த மரத்தில் முதல் கொத்து என்றைக்கு விரிந்தது, அதற்கு முன் எப்போது மழை பெய்தது, இலை இருந்ததா, காய் பிடித்ததா என்று தேதி போட்டு எழுதிய நோட்டு. அதே மரத்துக்கு அப்படிப் பல வருடக் குறிப்பு சேர்ந்தால்தான் பருவநிலையைப் பற்றி வாய் திறக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வேலை நடக்கிறது. முதுமலைக் காட்டுக்குள் இந்திய அறிவியல் கழகம் 1988-ல் 50 ஹெக்டேர் இடத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் தண்டு உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தது. எது செத்தது, எது புதிதாக முளைத்தது, நெருப்பில் போனது எது, யானை சாய்த்தது எது என்று அன்றிலிருந்து கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு காட்டைப் பற்றித் துணிந்து பேசும் உரிமை இப்படிப் பொறுமையாக எழுதி வைப்பதால் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

சரி, மொட்டைக் காட்டுக்கு வருவோம். மாசி, பங்குனியைக் காடு செத்துக் கிடக்கும் காலம் என்று நீங்கள் நினைத்ததில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் கவனிக்க அதைவிட நல்ல காலம் அங்கே இல்லை. மண்ணில் ஈரம் குறையும்போது மரம் இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. இலை இல்லாத அந்தக் கிளைகளில்தான் புரசும் முள்ளிலவும் பூக்கின்றன. புரசம்பூ ஒன்றைத் தரையிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அடியில் கருப்பு வெல்வெட் துணி போலப் புல்லிவட்டம், அதிலிருந்து கிளிமூக்காக வளைந்த ஆரஞ்சு இதழ். மரத்தில் தேன்சிட்டு, மைனா, கரிச்சான் எல்லாம் தேனுக்கு வந்து முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும். முள்ளிலவின் கீழே இன்னொரு காட்சி. மேலே சாம்பல் மந்திகள் சதைப்பற்றான பூக்களைப் பாதி தின்று பாதி கீழே போடும், புள்ளிமான்கள் வந்து அதைப் பொறுக்கும்.

மானையும் நெல்லியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் உதிர்ந்த நெல்லிக்காயை மான் அப்படியே விழுங்கிவிட்டு, அப்புறம் நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். மான் படுத்து எழுந்த இடத்தில் சதை போன நெல்லிக்கொட்டைகள் சுத்தமாகக் கிடக்கும். நெல்லி புது இடத்தில் முளைக்க இதுவும் ஒரு வழி.

இன்னொரு ஆச்சரியம் கோடை உச்சியில். மழை இன்னும் வரவில்லை, ஆனாலும் பல மரங்கள் தளிர்விடத் தொடங்கிவிடும். ஏன் அவசரம்? முதுமலையிலேயே செய்து 1993-ல் வெளியான ஒரு ஆய்வு இதைப் பார்த்தது. மழைக்கு முன்பே தளிர்விட்ட மரங்களின் இலைகளில் பூச்சிக்கடி குறைவு. மழையோடு பூச்சிகள் பெருகும் நேரத்துக்குள் அந்த இலைகள் முற்றித் தடித்துவிடுகின்றன. பங்குனிக் கடைசியில் ஒரு தளிரையும், ஆனியில் அதே கிளை இலையையும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சாலையோரம் பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல பச்சை இல்லை. உண்ணிச்செடி எந்த மழைக்கும் பூக்கும், ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் வளராது, மேய்ச்சல் போய்விடும். நோட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்குக் காட்டுக்குள் போகவே வேண்டாம். யானை நடமாடும் இடம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டு ஓரம் நடப்பது சரியில்லை. பள்ளி வளாகத்துக் கொன்றை, ஒரு வேம்பு, ஒரு புங்கை போதும். வாரம் ஒரு நாள், அதே கிழமை, இலை, பூ, காய் மூன்றையும் "இல்லை", "கொஞ்சம்", "நிறைய" என்று குறித்தால் போதும். சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010-லிருந்து இந்தியா முழுக்கப் பள்ளிகளை வைத்து இதைத்தான் செய்கிறது. கேரளத்தில் நிறையப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நீங்களும் சேரலாம்.

உங்கள் வகுப்பில் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், தேன் எடுக்கும் காலம் எந்தப் பூவோடு தொடங்கும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பதில்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், சொன்னவர் பெயரோடு.

இப்போது கார்த்திகை. ஆறுமணிக்குருவி வந்திருக்கும், விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் புதருக்குள்ளிருந்து குரல் கேட்கும். கேட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புரசு முதல் மொட்டு விட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கொன்றை மரத்தில் காய் பிடித்ததா என்பதையும் சேர்த்து.