வோல்டேஜ் சரியாக இருக்கிறதாம்! – சோலார் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: பேனல் ஒழுங்காகத் தரவில்லை. கிடைத்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 540 வாட் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் 430-ஐத் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அந்த 540 ஆய்வுக்கூடக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் (பேனலில் தெரியும் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்) சூடு 25 டிகிரி. மண்டையைப் பிளக்கும் வெயிலில் உங்கள் மாடியில் இருக்கும் செல் 60, 65 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். 40 டிகிரிக்கு 14 சதவீதம் போனால் மிச்சம் 465. தூசு, ஒயர், இன்வெர்ட்டர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் 430 வருகிறது என்றால் அது நல்ல பேனல். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. மழை விட்டு, காற்றடித்து, பளிச்சென்று வெயில் வரும் நாளில் பாருங்கள். கொஞ்ச நேரமாவது 500-ஐத் தொடும்.

கேள்வி: எங்கள் வீட்டு பேனல் சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

கடிதமே இவ்வளவுதான். எத்தனை பேனல், எத்தனை வாட், எந்த நேரத்தில் எவ்வளவு வந்தது, வானம் எப்படி இருந்தது, முன்பு எவ்வளவு வந்தது, ஒன்றும் இல்லை. போன முறையும் சொன்னேன்: நேரமும் வானமும் எழுதாமல் வாட் மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: பேட்டரியோடு கூடிய சிஸ்டம். பகல் 12 மணிக்கு மேல் உற்பத்தி தடாலென்று விழுகிறது. பேனல் பழுதா?

பேட்டரி நிறைந்துவிட்டது, மின்சாரத்துக்குப் போக இடமில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுப் பாருங்கள், உற்பத்தி எழும்.

கேள்வி: 10 பேனல் ஒரே ஸ்ட்ரிங். மாலை 3 மணிக்கு ஒரு பேனலின் கீழ்ப்பக்கம் மட்டும் கைப்பிடிச் சுவரின் நிழல் விழுகிறது. பத்தில் ஒன்றில் ஒரு ஓரம்தானே, போனால் போகட்டும் என்று விடலாமா?

விடக்கூடாது. ஸ்ட்ரிங் என்பது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்த பேனல்கள், அவை எல்லாவற்றிலும் ஒரே கரன்ட்தான் ஓடும். நிழல் பட்ட செல்லால் அந்தக் கரன்ட்டைத் தாங்க முடியாதபோது பைபாஸ் டயோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிடும். சாதாரணமாக ஒரு பேனலில் மூன்று டயோடு. பழைய முழு செல் பேனலை நெட்டுக்கு நிறுத்தி, கீழ் விளிம்பு முழுக்க நிழல் விழுந்தால் மூன்று பகுதியிலும் செல்கள் மாட்டிக்கொள்ளும், பேனல் மொத்தமாகப் போய்விடும். அதையே படுக்க வைத்திருந்தால் ஒரு பகுதி மட்டும் போயிருக்கும். செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த ஹாஃப் கட் பேனல் இதில் கொஞ்சம் தேவலை, ஆனால் மாயம் ஒன்றும் செய்யாது. அப்புறம், இன்வெர்ட்டர் செட்டிங்கில் நிழலுக்கான ஸ்கேன் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் தவறான வோல்டேஜில் உட்கார்ந்துகொண்டு மற்ற ஒன்பதையும் சேர்த்து இழுத்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு பேனலுக்கும் ஆப்டிமைசர் (அந்தப் பேனலைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் சிறு பெட்டி) உண்டு. ஆறாவது பேனல் மட்டும் இரண்டு மாதமாக மற்றவற்றில் பாதிதான் காட்டுகிறது. நிழல் இல்லை, துடைத்தும் பார்த்தாயிற்று. டெக்னீஷியன் வந்து மல்டிமீட்டர் வைத்து, "49 வோல்ட் வருது, பேனல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த "வோல்டேஜ் வருது, நல்லா இருக்கு" என்ற தீர்ப்பைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். குழாயை மூடி வைத்துக்கொண்டு அழுத்தத்தை அளந்தால் அடைப்பு தெரியுமா? மல்டிமீட்டர் பேனலிலிருந்து கரன்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். காலை ஏழு மணி மங்கல் வெளிச்சத்திலும் அதே பேனல் 45 வோல்ட் காட்டும். அப்போது அது தரக்கூடியது 50 வாட் இருந்தால் அதிகம்.

என் வீட்டு மாடியிலேயே பட்டிருக்கிறேன். ஒரு பேனல் மட்டும் உச்சி வெயிலில் சோர்ந்துவிடும், காலையில் பழுதே தெரியாது. அளந்தால் 48 வோல்ட். பேனல்தான் கெட்டது என்று சண்டை போட்டு மாற்றியும் வாங்கினேன். புதிதும் அதே கதை. ஒரு நாள் மத்தியானம் பின்பக்கம் குனிந்தபோது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்தேன். வாய் ஓரம் காபிக் கறை நிறத்துக்குப் போயிருந்தது. உள்ளே பின்னைப் பிடுங்கிப் பார்த்தால், செம்பு இழைகளில் பாதி வெளியே மடங்கிக் கிடக்கின்றன. பின்னை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் கடித்திருப்பது செம்பை இல்லை, ஒயரின் மேல்தோலை! மாட்டியவர் கிரிம்பிங் கருவிக்குப் பதிலாகக் குறட்டால் நசுக்கியிருக்கிறார். அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால் போதும்: 10 ஆம்ப்பியர் ஓடும்போது 5 வோல்ட் அங்கேயே போகும், 50 வாட் சூடாகும். ஒரு சால்டரிங் அயர்னைக் கனெக்டருக்குள் சொருகி வைத்தது மாதிரி. கரன்ட் ஓடாதபோது மீட்டரில் அது தெரியவே தெரியாது.

சரி, உங்கள் ஆறாவது பேனல். முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், அப்புறம் பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் டிசி ஐசோலேட்டரை, அப்புறம்தான் கனெக்டரைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. கரன்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் டிசி பொறி தானாக அணையாது, நீண்டுகொண்டே வரும்.

பேனலை ஆப்டிமைசரிலிருந்து கழற்றி, பேனலின் ஒயரிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஆப்டிமைசருக்கு வெளியே அளந்தால் சில வகைகளில் 1 வோல்ட்தான் தெரியும், பயந்துவிடாதீர்கள். உடனே பக்கத்துப் பேனலையும் அளக்க வேண்டும். தனியாக ஒரு எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பக்கத்தில் 49, இதில் 33 என்றால் ஒரு பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. உங்களுக்கு 49 வந்துவிட்டதால் அது இல்லை. கரன்ட்டைப் பார்க்க வேண்டும். பேனலைக் கனத்த போர்வையால் மூடி, அதன் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று மாட்டி, போர்வையை எடுத்துவிட்டு, ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். கழற்றும்போதும் போர்வை போட்ட பிறகே கழற்ற வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்ப்பியர் துளையில் சொருகாதீர்கள். இந்தப் பேனல் 13, 14 ஆம்ப்பியர் தரும், ஃபியூஸ் போகும், மலிவான மீட்டர் என்றால் மீட்டரே போகும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப்பும் இதற்கு உதவாது.

இரண்டு பேனலும் ஒரே அளவு கரன்ட் தந்தால் ஆறாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றி மாட்டி, இரண்டு நாள் கவனியுங்கள். குறை பேனலோடு கூடவே போனால் பேனலில் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் ஆப்டிமைசர், அல்லது அதன் கனெக்டர். நான் பந்தயம் கட்டுவதென்றால் கனெக்டர் மேல்தான் கட்டுவேன். இரண்டு வேறு கம்பெனி கனெக்டர்களை "பொருந்துதே" என்று சேர்த்து மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பொருந்தும், சூடும் ஆகும்.

கேள்வி: 330 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். 115 வாட்டுக்கு மேல் வரவே இல்லை.

வராது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தக் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும்: 9 ஆம்ப்பியர், 13 வோல்ட், பெருக்கிக்கொள்ளுங்கள். பேனலை அதற்கேற்ற வோல்டேஜிலேயே ஓடவிட்டு, பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்குங்கள். வாங்குமுன் அது தாங்கும் அதிகபட்ச வோல்டேஜைப் பாருங்கள்.

கேள்வி: வாரம் தவறாமல் போர்த் தண்ணீரில் கழுவுகிறேன். ஆனாலும் யூனிட் குறைகிறது. கண்ணாடியில் வெள்ளையாகப் படலம்.

கழுவியதால் வந்த படலம் அது, உப்புத் தண்ணீர் காய்ந்த கறை. தண்ணீர் கலந்த வினிகரை மெத்தென்ற துணியில் நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தேய்க்கும் பவுடர், கம்பி நார், பிரஷர் பம்ப் மூன்றும் வேண்டாம். கழுவுவது விடியற்காலையில், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். நடுவில் இருக்கும் தூசைவிடக் கீழ்ச்சட்டத்தை ஒட்டிப் படியும் சேற்றுக்கோடுதான் மோசம், அதை விரலால் தடவிப் பாருங்கள். பறவை எச்சம் ஒரு செல்லை மூடினாலும் நிழல் கணக்குதான்.

கேள்வி: இன்வெர்ட்டர் ஆப்பில் உச்சி வேளையில் வரைபடம் மேலே தட்டையாக நிற்கிறது. 6 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர்.

5-ல் தட்டையாக நின்றால் இன்வெர்ட்டரின் எல்லை அது. பழுது இல்லை.

கேள்வி: பேனலில் நத்தை ஊர்ந்த தடம் போலக் கோடுகள். மாற்றச் சொல்லலாமா?

கோடு மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அடியில் மயிரிழை விரிசல் இருக்கும், ஆனால் உற்பத்தி குறைந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பக்கத்துப் பேனலோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் நல்ல வெயிலில் தெர்மல் கேமராவால் பார்க்கச் சொல்லுங்கள். பின்தாளில் பழுப்பு வட்டமோ கொப்புளமோ இருந்தால் கதை வேறு. இன்வெர்ட்டர், ஐசோலேட்டர், கனெக்டர், அதே வரிசையில் அணைத்துவிட்டு, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்து வாரன்ட்டி கேளுங்கள்.

கேள்வி: பழைய 330 வாட் ஸ்ட்ரிங்கில் ஒன்று உடைந்துவிட்டது. அந்த இடத்தில் புதிய 540 போட்டால் உற்பத்தி கூடுமா?

புதியது 13 ஆம்ப்பியர் தரத் தயாராக இருந்தாலும் பழையவை 9-க்கு மேல் விடாது. 540-க்குக் காசு கொடுத்து 380 வாட் அளவில் வாங்கிக்கொள்வீர்கள். அதே கரன்ட் உள்ள பழைய பேனல் எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். மாட்டும்போது கிரிம்ப் செம்பைக் கடித்திருக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள்.