கேமராவை அணைத்துப் போட்டும் மால்வேர் திரும்ப வருகிறதா?

நண்பரே, இணையத்தில் இணைத்த கேமராவை அணைத்துப் போட்டால் சரியாகி, சற்று நேரத்தில் மறுபடி டேட்டாவை விழுங்குகிறது என்கிறீர்கள். மிராய் வகை மால்வேர் (கருவிக்குள் புகுந்து கெடுக்கும் மென்பொருள்) போலத்தான் தெரிகிறது. 2016-ல் பரவிய மிராய் தற்காலிக நினைவகத்தில் (ரேம்) மட்டுமே தங்கும். மின்சாரம் போனால் அழிந்துவிடும். ஆனால் கம்பெனி வைத்த கடவுச்சொல் அப்படியே இருந்தால், டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய முறை) வழியாகச் சில நிமிடங்களிலேயே திரும்ப நுழைந்துவிடும்.

அதனால் வரிசைதான் முக்கியம். முதலில் ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு கேமராவை அணைத்துப் போட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து வீட்டுக் கருவிகளுக்கு வழி திறப்பவை) இரண்டையும் நிறுத்திவிட்டு அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

சில பழைய மாடல்களில் டெல்நெட் கடவுச்சொல்லை மாற்றவே வழியில்லை. உங்களுடையது அப்படியென்றால், ஃபர்ம்வேர் (கேமராவை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட்டும் வராதென்றால், தயவுசெய்து அதை இணையத்தில் இணைக்காதீர்கள்.