லீட்சிக்திஸ் எத்தனை மீட்டர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழங்காலக் கடல்மீன்களைப் பற்றிய கட்டுரையில் லீட்சிக்திஸ் 16 மீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். என் மகனின் புத்தகத்தில் 27 மீட்டர் என்று போட்டு, வாய் நிறையப் பல்லோடு படமும் இருக்கிறது. எதை நம்புவது?

ச.

அன்புள்ள ச.,

27 மீட்டர் புத்தகக்காரர் கையிலிருந்து போட்டது இல்லை. டேவிட் மார்ட்டில் என்ற ஆய்வாளர் 1986இல் இதன் எலும்புகளை, இதே குடும்பத்துச் சின்ன மீன் ஒன்றின் உடல்வாகோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு விடை வந்தது: குறைந்தது 9 மீட்டர், செவுள்கூட்டை வைத்துப் பார்த்தால் 27.6. படம் போடுகிறவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவா வேண்டும்!

சிக்கல் என்னவென்றால் இந்த மீனின் முதுகெலும்பு சரியாக எலும்பாகவே இறுகவில்லை, அதனால் தலையிலிருந்து வால்வரை அளந்து பார்க்கிற மாதிரி முழு எலும்புக்கூடு ஒன்றுகூடக் கிடையாது. கிடைத்ததெல்லாம் இங்கிலாந்தின் பீட்டர்பரோ பக்கம், செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய பள்ளங்களில் ஆல்ஃபிரெட் லீட்ஸ் என்ற விவசாயி பொறுக்கிச் சேர்த்த மாதிரியான துண்டுகள்தான். அவற்றில் சில தட்டை எலும்புகளை முதுகில் தட்டு முளைத்த டைனோசருடையது என்றே முதலில் நினைத்தார்கள். 1888இல் அமெரிக்காவிலிருந்து வந்த மார்ஷ் என்ற டைனோசர் ஆய்வாளர்தான் பார்த்துவிட்டு, இது மீன் என்றார். மறு வருஷம் ஸ்மித் உட்வர்ட் என்ற புதைபடிவ ஆய்வாளர் அதற்கு லீட்ஸின் பெயரையே வைத்தார்.

நான் 16 என்று எழுதியது 2013இல் வந்த ஆய்வை வைத்து. ஜெஃப் லிஸ்டனும் கூட்டாளிகளும் எலும்பில் இருக்கும் வளர்ச்சி வளையங்களை, மரத்தில் எண்ணுவதுபோல, எண்ணிப் பார்த்தார்கள். இருபது வயதில் 8, 9 மீட்டர். ஆராய்ந்ததிலேயே பெரியதற்கு வயது 38, நீளம் 16.5 மீட்டர். எனக்கு இந்தக் கணக்கில்தான் நம்பிக்கை, வயதும் வளர்ச்சியும் சேர்ந்து வருகிறதே. அதுவும் சாதாரண அளவு இல்லை, இன்றைய திமிங்கலச் சுறாவுக்குப் பக்கத்தில் தாராளமாக நிறுத்தலாம். சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் திமிங்கலமே கிடையாது, அந்த வேலையை இந்த மீன் பார்த்தது: வாயைத் திறந்தபடி நீந்தி, செவுளில் இருக்கும் எலும்புக் கதிர்களில் தண்ணீரை வடித்து, சிக்கிய பொடி உயிர்களை விழுங்கும்.

அதனால் பையன் 27க்குப் பக்கத்தில் பென்சிலால் 16.5 என்று எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பல்லைத்தான் முதலில் அழிக்கச் சொல்லுங்கள், இதற்குக் கடிக்கிற பல்லே கிடையாது.