பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுவது ஏன்?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்களுடைய சிறிய பெட்ரோல் கார் 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. வேகம் 50க்குக் கீழே இறங்கியதும் அடங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு முன்சக்கரங்களோடு சுழலும் பிரேக் தட்டுகளான டிஸ்க் இரண்டையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் புதிதாக மாற்றினோம். சில மாதங்கள் நன்றாக இருந்தது, பிறகு அதே உதறல் திரும்பிவிட்டது. வாரம் ஒருமுறை வால்பாறை சென்று வருகிறோம். மலைப்பாதைச் சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது, மறுபடியும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புது டிஸ்க் போட்டதும் நின்ற உதறல் சில மாதங்களில் திரும்பியிருப்பதைப் பார்த்தால், கோளாறு டிஸ்க்கில் பிறக்கவில்லை, டிஸ்க்கைக் கெடுக்கும் ஏதோ ஒன்று வண்டியில் அப்படியே இருக்கிறது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

பிரேக்கைத் தொடாமல் ஒரே வேகத்தில் செல்லும்போதும் நடுக்கம் இருந்தால் வீல் பேலன்சிங்கையும் டயரையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம். நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பொதுவான கணக்கு. ஐயம் இருந்தால், பின்னால் வண்டி எதுவும் வராத நேரான வெற்றுச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், கை பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கை பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், அப்போது விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல் இருந்தால் பின்சக்கர பிரேக்கின் உருளையான டிரம் வட்டம் கெட்டிருக்கிறது என்று பொருள்.

80 கிலோமீட்டரில் தோன்றி 50இல் மறைவதற்கும் காரணம் உண்டு. உங்கள் காரைப் போன்றவற்றில் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்குப் பதினொரு, பன்னிரண்டு முறை சுழல்கிறது. முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் இணைப்புகளும் இயல்பாகவே அதிரக்கூடிய வேகமும் இதை ஒட்டியே இருப்பதால், சுற்றுக்கு ஒருமுறை பிரேக் சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலும் அது பெருகிக் கைக்கு வந்து சேர்கிறது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இன்னும் பெருகும். புஷ்ஷை மட்டும் மாற்றி உதறலைக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மூல காரணம் அப்படியே இருக்கும்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்பது பட்டறைகளில் எளிதாகச் சொல்லப்படும் காரணம். சாதாரண ஓட்டத்தில் வரும் சூட்டுக்கு வார்ப்பிரும்பு டிஸ்க் வளைவது அரிது. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போவதே பெரும்பாலும் நடக்கிறது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே உதறலை உண்டாக்கப் போதும்.

அந்த வேறுபாடு எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் படிந்த துருவைச் சுரண்டாமல் அதன்மேல் புது டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து உட்காரும். நடுவில் உள்ள சிறு சாய்வு விளிம்பில் பெரிதாகும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் பேடுகள் டிஸ்க்கை ஒட்டியே நிற்பவை என்பதால், சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே போகும். இப்படிச் சில ஆயிரம் கிலோமீட்டர் உரசிய பிறகுதான் அந்த இடம் மெலிந்து உதறல் தொடங்கும். மாட்டிய அன்று ஓட்டிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வீல் நட்டுகளை ஏர் கன்னால் ஏறுமாறாக முறுக்குவதும், பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிபரின் நகரும் ஊசிகள் இறுகிப்போவதும் இதே விளைவைத் தரும்.

ஆகவே பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுகளால் ஹப்போடு இறுக்கி, விளிம்புக்குச் சற்று உள்ளே, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று தெரியும். எல்லை எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மிகுந்திருந்தால், ஆட்டம் அதிகமுள்ள இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் குறியிட்டு, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மீண்டும் அளக்க வேண்டும். அந்த இடம் டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில். நகராமல் ஹப்பின் குறியிலேயே நின்றால் ஹப்பில் அல்லது பேரிங்கில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது டிஸ்க் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை.

பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனை அளக்கட்டும். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாதென்றால், லேத்தில் கொடுத்துச் சீராக்கினால் போதும். மாட்டும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று சுத்தம் செய்ய வேண்டும். காலிபர் ஊசிகளுக்குப் பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸைத்தான் பூச வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும். நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால், ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்தது என்ற வரிசையில் முறுக்க வேண்டும்.

வால்பாறைப் பாதைக்கும் பங்கு இருக்கலாம். ஆழியாறு வரையிலான நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கி, கீழே சோதனைச் சாவடியில் பெடலை அழுத்தியபடி நின்றால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பொருள் அச்சுப்போல ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். தேவையான இடத்தில் அழுத்தமாகப் பிடித்து உடனே விடுங்கள். கீழே வந்ததும் சக்கரங்களில் தண்ணீர் அடிக்காதீர்கள்.

இந்த உதறலால் மட்டும் பிரேக் திடீரெனச் செயலிழக்காது. ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் உள்ளே இறங்கினாலோ, இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டாலோ ஓட்டக் கூடாது.

கேள்வி: மழையில் திடீரென பிரேக் பிடித்தபோது காலடியில் பெடல் கடகடவென்று அடித்தது. இதுவும் டிஸ்க் கோளாறா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க ஏபிஎஸ் என்ற மின்னணு அமைப்பு பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் காலை எடுத்துவிடாமல் அழுத்தியே வைத்திருங்கள். காய்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போதும், அதுவும் வண்டி நிற்கப்போகும் கடைசி நொடிகளில் அப்படி அடித்தால், சக்கர வேக உணரியில் அழுக்கோ அதன் பல்வளையத்தில் விரிசலோ இருக்கலாம். அதைக் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில் ஒன்றரை மாதம் நிறுத்தி வைத்திருந்த காரை எடுத்தபோது பிரேக்கில் கரகரவென்ற ஓசையும் நடுக்கமும் இருந்தன. தானாகச் சரியாகுமா?
வாசகர், சென்னை

பதில்: மேலோட்டமான துரு முதல் சில பிரேக்குகளிலேயே தேய்ந்துவிடும். பேடுகள் ஒட்டி நின்ற இடத்தில் உப்பும் ஈரமும் தங்கி ஆழமாக அரித்திருந்தால், டிஸ்க்கில் பேடின் வடிவிலேயே தழும்பு தெரியும். சில நாள் வழக்கமாக ஓட்டியும் நடுக்கம் போகாவிட்டால் லேத்துக்குத்தான் போக வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கை பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கை பிரேக் போட்டு நிறுத்திய வண்டி நகர மறுத்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், பின்பக்க லைனிங் பிய்ந்துவிடும். டிரம்மை ரப்பர் சுத்தியலால் தட்டி விடுவிக்கச் சொல்லுங்கள்.