பழைய ஜீப்புக்குப் பவர் ஸ்டீயரிங்: கேள்வி பதில்

கையால் ஒடிக்கும் ஸ்டீயரிங் உள்ள பழைய ஜீப் வகை வண்டிகளைப் பவர் ஸ்டீயரிங்குக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, 31 இன்ச் டயர் போட்டதிலிருந்து நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கவே முடியவில்லை. பவர் ஸ்டீயரிங் போட்டால் சரியாகிவிடுமா?

தம்பி, காசை எடுக்கும் முன் ஒரு சோதனை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத் திருப்பமாக மாற்றும் பல் பெட்டி) சக்கரப் பக்கம் போகும் ராடான டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றினால் சுலபமாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் பாக்ஸில் ஆயில் வற்றியிருக்கும், அல்லது யாரோ ப்ளேயை (ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம்) குறைக்கிறேன் என்று அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை மூச்சுமுட்ட இறுக்கியிருப்பார்கள். அப்புறம் சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கம் இருக்கலாம், ஆனால் நடுவில் சிக்கினால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பவர் ஸ்டீயரிங் இதையெல்லாம் சரிசெய்யாது, உங்கள் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அவ்வளவுதான். இரண்டும் லேசாக இருந்து, டயரில் காற்றும் சரியாக இருந்து, தரையில் மட்டும் கனம் என்றால் தாராளமாக மாற்றலாம்.

எந்த வண்டியின் பாக்ஸ் பொருந்தும்?

உங்கள் மாடலே பவர் ஸ்டீயரிங்கோடும் வந்ததா என்று முதலில் தேடுங்கள். 1976 முதல் 1986 வரை வந்த ஜீப் சிஜே-7 இரண்டு விதமாகவும் விற்கப்பட்டது. அந்த மாதிரி வண்டி என்றால் பாக்ஸ், பிராக்கெட், பம்ப், புல்லி, ஷாஃப்ட் என்று முழு செட்டாகவே எடுத்துவிடுங்கள். தனித்தனியாகச் சேர்ப்பவர்களுக்குக் கடைசியில் ஏதாவது ஒன்று ஒத்துவராது.

1971 வரையிலான ஜீப் சிஜே-5, கையால் ஒடிக்கும் டொயோட்டா எஃப்ஜே40 இரண்டும் வேறு கதை. பாக்ஸிலிருந்து ஒரு ராடு, நடுவில் பெல் க்ராங்க் என்ற ஒரு திரும்பும் ஆர்ம், அங்கிருந்து சக்கரத்துக்கு இன்னொரு ராடு. பாதி ப்ளே அந்த நடு ஆர்மில்தான் இருக்கும். பாக்ஸைச் சேசிஸின் முன்முனைக்குக் கொண்டுபோய் ஒரே ராடில் சக்கரத்தோடு இணைத்தால் அந்த ஆர்மே தேவையில்லை. ஸ்டீயரிங் லேசாவதைவிட இந்த லாபம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வந்து ராடைத் தள்ளும் கை) முன்னோக்கி இருக்கும் வண்டியின் பாக்ஸை எடுத்து ஆர்மைப் பின்னோக்கி மாட்டினால், இடது பக்கம் ஒடிக்கும்போது சக்கரம் வலது பக்கம் போகும். சிரிக்காதீர்கள். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

பழைய பாக்ஸ் இருந்த ஓட்டைகளிலேயே புது பாக்ஸை போல்ட் போட்டு மாட்டிவிடலாமா?

ஓட்டை பொருந்தினாலும் அப்படியே மாட்டாதீர்கள். முழு வேலையிலும் கவனம் வேண்டிய இடம் இதுதான். கையால் ஒடிக்கும்போது உங்கள் தோள் வலுவோடு விசை நின்றுவிடும். சக்கரம் பாறை இடுக்கில் மாட்டியிருந்தாலும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாக்ஸ் விடாமல் தள்ளும், அந்த விசை முழுவதும் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் சேசிஸ் தகட்டில் இறங்கும். அங்கேதான் விரிசல் விழும். ஓட்டைகளைச் சுற்றிச் சுரண்டி, பழைய விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு கனமான பிளேட் வைத்து வெல்ட் செய்யுங்கள். சேசிஸ் பெட்டி வடிவமாக இருந்தால் போல்ட் போகும் வழியில் குழாய் ஸ்லீவ் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் போல்ட்டை இறுக்கும்போது சேசிஸ் நசுங்கும், நாலு நாளில் போல்ட் தளரும். எதிர்ப்பக்கச் சேசிஸுக்கு ஒரு குறுக்கு பிரேஸும் கொடுத்துவிட்டால் நிம்மதி. வெல்டிங்கைச் சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சார், ஆயில், பம்ப் தொல்லையே வேண்டாம் என்று எலக்ட்ரிக் கிட் போடலாமா?

போடலாம், இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட்டு. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது அது 40 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், பழைய ஆல்டர்னேட்டர் சில மொத்தமாகத் தருவதே அவ்வளவுதான். இரண்டாவது, அதன் மோட்டார் ஸ்டீயரிங் தண்டில் (காலம்) இருக்கிறது. அது தரும் விசை முழுவதும் உங்கள் பழைய ஷாஃப்ட், பழைய பாக்ஸ் பல் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். பாக்ஸ் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். சின்ன டயர், லேசான வண்டி என்றால் நல்ல வழிதான். பெரிய டயருக்கு என் ஓட்டு ஹைட்ராலிக்குக்கே.

மாற்றியாயிற்று. லேசாக இருக்கிறது, ஆனால் வண்டி நேராக ஓடாமல் அலைகிறது. வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கும் வருவதில்லை.

ஸ்டீயரிங் நேராகத் தெரிய வேண்டும் என்று பிட்மேன் ஆர்மை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்களா? பாக்ஸின் நடுப்புள்ளியில்தான் பல்லுக்கு இடையில் ப்ளே மிகக் குறைவு. ஆர்மைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். சக்கரமும் நேராக இருக்கும்படி ஆர்மை மாட்டி, மிச்ச வித்தியாசத்தை டிராக் லிங்க் நீளத்தில் சரிசெய்யுங்கள்.

அடுத்தது காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. இதுதான் சக்கரத்தைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும். கைக்குக் கனம் தெரியக்கூடாது என்று பழைய வண்டிகளில் காஸ்டரைக் குறைவாகவே வைத்தார்கள். இப்போது கனத்தைப் பம்ப் பார்த்துக்கொள்கிறது, அதனால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஆப்பு ஷிம் வைத்து இரண்டு மூன்று டிகிரி கூட்டலாம். ஆனால் ஆக்சில் சாய்வு மாறுவதால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பம்ப் ஓலமிடுகிறது, ஸ்டீயரிங் ஆயில் டேங்கில் நுரை.

உள்ளே காற்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பலமுறை ஒடியுங்கள், ஆயில் குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் ஆயில் நுரைத்துவிடும், பிறகு அது அடங்க நேரம் எடுக்கும். அப்புறமும் சத்தம் இருந்தால் டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸ் காற்று இழுக்கிறது. ஓட்டும்போது முழுதாக ஒடித்து அப்படியே பிடித்துவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஆயில் கொதித்துவிடும்.

இறக்கத்தில் எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடுமா?

ஆகாது. பாக்ஸுக்குள் பல் இணைப்பு அப்படியே இருக்கிறது, கனமாகும், ஆனால் திரும்பும்.

ஹோஸுக்கு சாதாரண கிளாம்ப் போதுமா?

ரிட்டர்ன் ஹோஸுக்குப் போதும். பிரஷர் ஹோஸில் 1,000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும், அதற்கு ஹைட்ராலிக் கடையில் முனையை அழுத்திப் பொருத்திய ஹோஸ்தான் வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள். அந்த ஆயில் எரியும்.