பழைய மிட்செல் 300 தூண்டில் ரீல் சுற்றவே கடினமாக இருக்கிறது, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான க்ளூஸில் பிறந்த ரீல் அது. உள்வேலைப்பாட்டிலேயே அது தெரியும். கைப்பிடி இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் துரு இல்லை, காய்ந்து பிசினாகிப்போன பழைய கிரீஸ்தான்.

திருகின் வெட்டில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் பக்க மூடியைத் தொடாதீர்கள். திருகுத் தலை மழுங்கிவிட்டால் ரீலின் அழகே போய்விடும். கழற்றக் கழற்ற போட்டோ எடுங்கள், முக்கியமாக மெல்லிய வாஷர்கள் இருந்த வரிசையை. உலோக உள்பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். கருப்புப் பெயிண்ட் மேல் தின்னர் படவே கூடாது.

அப்புறம் பற்சக்கரங்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ், தூண்டில் நூல் உரசி ஓடும் சின்ன உருளைக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்றுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.