கீமோவுக்குப் பின் சிறுநீர் குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு (58 வயது, 60 கிலோ) வேகமாக வளரும் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்). திங்கட்கிழமை முதல் கீமோ. யூரிக் அமிலம் 9.6. கட்டி உடம்பின் டிஎன்ஏவையே அரிக்கிறது என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. பருப்பு, கறி எல்லாம் நிறுத்திவிட்டோம். யூரிக் அமிலத்துக்கு அம்மா சாப்பிடும் அலோபியூரினால் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது புதிதாக யூரிக் அமிலம் உருவாவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 9.6-ஐக் கரைக்காது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவையும் குறைக்க வேண்டும்.

அரிபடுவது அப்பாவின் டிஎன்ஏ அல்ல. லிம்போமா செல்கள் பெருகும் வேகத்திலேயே செத்தும் விழுகின்றன. அவற்றின் நியூக்ளிக் அமிலத்திலுள்ள (டிஎன்ஏ, ஆர்என்ஏ) பியூரின்கள் என்ற பொருட்கள், சாந்தின் என்ற இடைப்பொருள் வழியாக யூரிக் அமிலமாகின்றன. எலிக்கு அதையும் உடைக்கும் யூரிகேஸ் நொதி உண்டு, நமக்கு இல்லை. பருப்பை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது. அவருக்குச் சாப்பாடு வேண்டும், கொடுங்கள்.

நீங்கள் கண்காணிக்க வேண்டியது கீமோ தொடங்கிய முதல் 3 நாட்களை. செல்கள் கூட்டமாக உடைந்து யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் மூன்றும் ரத்தத்தில் கொட்டும். யூரிக் அமிலப் படிகங்கள் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அப்பாவின் எடைக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லிக்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள்: வார்டில் என்றால் நர்ஸிடம், வீட்டில் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. உதட்டைச் சுற்றி மதமதப்பு, தசைப்பிடிப்பு, படபடப்பு இருந்தாலும் அப்படியே; பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

சூடு தணியட்டும் என்று இளநீர் கொடுப்பார்கள். இந்த நாட்களில் வேண்டவே வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் வேண்டாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிடிப்புக்கென்று கால்சியம் மாத்திரை போட்டால் அது பாஸ்பேட்டோடு சேர்ந்து சிறுநீரகத்திலேயே படியும். தண்ணீர் எவ்வளவு, டிரிப்ஸ் எவ்வளவு என்பதை இதயத்தின் நிலை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

திங்கட்கிழமைக்கு முன் மருத்துவரிடம் ராஸ்புரிகேஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். நமக்கில்லாத அந்த நொதியின் வேலையை அது செய்து, சில மணி நேரத்திலேயே யூரிக் அமிலத்தை இறக்கிவிடும். ஆனால் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்குப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், பரிசோதனை முதலில். ஊசிக்குப் பிறகு யூரிக் அமிலத்துக்கு எடுக்கும் ரத்தம் ஐஸில் போக வேண்டும். இல்லையென்றால் பரிசோதனைக் குழாய்க்குள்ளேயே மருந்து வேலை செய்து, முடிவு பொய்யாகக் குறைத்துக் காட்டும்.